ஏர்லன்ஹைம் நீதிமன்றமும் மியூல்காஸ ஏழாம் இலக்கமும்

ஏர்லன்ஹைம் நீதிமன்றத்தின் வரலாற்றுப் புத்தகத்தில் காணிப் பதிவேட்டைப் பற்றிய அத்தியாயத்தை யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, ஊரில் படித்தவர்களுக்கு ஒன்றும் பஞ்சம் இருக்கவில்லை. ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் இருந்தார். கலாநிதிப் பட்டத்தைக் கதவுப் பலகையிலேயே செதுக்கி வைத்திருந்த வழக்கறிஞர் ஒருவரும் இருந்தார். ஊர் வரலாற்றுச் சங்கத் தலைவி டொறத்தி இரண்டு பேருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"மகாதேவி எழுதட்டும். அந்தப் புத்தகங்களின் தூசியைத் துடைத்ததும் அவர்தான், உள்ளே இருப்பதை ஒழுங்காகப் படித்ததும் அவர்தான்" என்றார்.

கூட்டத்தில் இரண்டொருவர் தொண்டையைச் செருமினார்கள். செருமட்டும். மகாதேவியைப் பற்றித் தெரிந்தவர்கள் செருமவில்லை.

ஏர்லன்ஹைம் டார்ம்ஸ்டாட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில், மலையடிவாரத்தில் இருக்கிற சின்ன ஊர். 1879இல் ஜெர்மனி முழுவதும் ஒரே மாதிரியான உள்ளூர் நீதிமன்றங்களைத் திறந்தபோது இந்த ஊருக்கும் ஒன்று கிடைத்தது. முதலில் நகரசபையின் மேல்மாடியில்தான் நடந்தது. சந்தை நாட்களில் கீழே பன்றிகள் கத்த, மேலே நீதிபதி அதைவிடப் பெரிதாகக் கத்தித் தீர்ப்பு வாசித்தாராம். 1904இல் சிவப்புக் கல்லில் தனிக் கட்டடம் எழும்பியது. ஒரு பெரிய மண்டபம், நிலவறையில் மூன்று சிறைக் கூடங்கள், இரும்புக் கதவு போட்ட பதிவேட்டு அறை. கொலை, கொள்ளை எல்லாம் பெரிய நகரத்துக்குப் போய்விடும். இங்கே வந்தவை அயலவனுடைய மரக்கிளை, குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டிய கதை, பிள்ளை யாரிடம் வளர்வது, செத்தவருடைய சொத்து யாருக்கு, காணி யார் பெயரில் என்பவைதான். சாதாரண மனிதருக்கு வாழ்க்கையில் வருகிற வழக்குகள் இவ்வளவுதானே. நூற்று முப்பத்திரண்டு வருடம் நடத்திவிட்டு, 2011 முடிவில், சிக்கனம் என்று ஒரு சொல்லைச் சொல்லி அதை மூடினார்கள்.

மகாதேவி இந்தக் கட்டடத்துக்குள் முதன்முதலில் நுழைந்தது 1990இல், கையில் வாளியோடும் தும்புத்தடியோடும். காலை ஐந்து மணிக்குத் துடைக்கத் தொடங்கினால் எட்டு மணிக்கு முதல் எழுத்தர் வரும்போது தரை காய்ந்திருக்க வேண்டும். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. சுன்னாகத்தில் நொத்தாரிசு சிற்றம்பலத்தாரின் மகள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு நாலு வருடம் தகப்பனுடைய கந்தோரில் காணி உறுதி எழுதியவர். யார் யாருக்கு விற்றார், வடக்கெல்லை யாருடைய வேலி, கிழக்கெல்லை எந்த ஒழுங்கை என்று பக்கம் பக்கமாக, ஒரு வெட்டும் இல்லாமல் எழுதுகிற கை. அந்தக் கைக்கு ஜெர்மனி முதலில் கொடுத்தது வாளியைத்தான்.

பதிவேட்டு அறையில் ஆள் உயரத்துக்குத் தடித்த புத்தகங்கள் அடுக்கியிருந்தன. துடைக்கலாம், திறக்கக் கூடாது என்பது கட்டளை. ஆறு வருடம் மகாதேவி திறக்கவில்லை. ஒரு காலை, யாரோ ஒரு புத்தகத்தை மேசையில் விரித்தபடியே விட்டுப் போயிருந்தார்கள். விரித்துக் கிடந்ததைப் பார்ப்பது திறப்பதாகாது என்று ஒரு நியாயத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குனிந்தார். நொத்தாரிசுவின் மகளுக்கு நியாயம் சொல்ல வராமல் போகுமா? அந்த நேரம் பார்த்து டொறத்தி வந்துவிட்டார். பதிவேட்டுக்குப் பொறுப்பான அதிகாரி அவர், மகாதேவியின் வயதுதான்.

"ஃபிரவ் இராசலிங்கம், என்ன செய்கிறீர்கள்?"

ஃபிரவ் என்றால் திருமதி. கணவருடைய பெயரைத்தான் அங்கே குடும்பப் பெயராக வைத்திருந்தார்கள். மகாதேவி நிமிர்ந்தார். பொய் சொல்லவில்லை.

"எல்லையைத் தேடுகிறேன். இந்தக் காணிக்கு வடக்கே யார், தெற்கே யார் என்று இதில் இல்லையே. பக்கத்துக்காரன் வேலியை நகர்த்தினால் என்ன செய்வீர்கள்?"

டொறத்தி திட்டத்தான் வாயெடுத்தார், வந்தது சிரிப்பு. அலுமாரியிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்து, காணிக்கு இலக்கம் இருக்கிறது, எல்லை வரைபடத்தில் இருக்கிறது என்று காட்டினார். மகாதேவி அதை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, இரண்டு காணிகளுக்கு நடுவில் ஒரு பாதை ஒருவர் பெயரிலும் இல்லாமல் கிடப்பதைச் சுட்டிக் காட்டினார். அது எழுபது வருடமாக ஒருவர் கண்ணிலும் படாத பிழை. டொறத்தி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்று வருடம் கழித்து, முப்பத்தேழாவது வயதில், மகாதேவி நீதிமன்ற எழுத்தருக்கான Ausbildung என்கிற தொழிற்பயிற்சியைத் தொடங்கினார். வகுப்பில் மற்ற எல்லாருக்கும் பதினேழு வயது. பிள்ளையின் பாலர் பாடசாலை, கணவருடைய தொழிற்சாலை வேலை, தன் பாடம் என்று மூன்றையும் இழுத்துக்கொண்டு ஓடினார். கணவர் இராசலிங்கம் அந்த மூன்று வருடமும் சமைத்தார். மகள் யதுசா அந்த மூன்று வருடமும் மெலிந்தாள். இதைச் சொல்லிச் சிரிப்பது அந்த வீட்டில் இன்றுவரை வழக்கம். 2002இல், முன்பு துடைத்த அதே அறையில், மகாதேவிக்கு ஒரு மேசை கிடைத்தது. பழைய ஜெர்மன் எழுத்து இருக்கிறதே, கோழி கிண்டியது மாதிரி, அதை வாசிக்க இளம் எழுத்தர்களுக்கு வராது. மகாதேவிக்கு வந்தது. 1930களில் பதிவேட்டை எழுதிய ஓர் எழுத்தருடைய கையெழுத்தில் அவருக்குத் தனி மயக்கமே உண்டு. ஒரு மை பிசகியிருக்காது, ஒரு வரி சாய்ந்திருக்காது. "அப்பா கண்டிருந்தால் சம்பளம் கூட்டிக் கொடுத்து வைச்சிருப்பார்" என்று வீட்டில் சொல்லுவார்.

அடுத்த வருடம் வீடு வாங்கினார்கள். மியூல்காஸ என்ற தெருவில் ஏழாம் இலக்கம், ஆற்றோரம், பின்னால் ஒரு ஆப்பிள் மரம். விற்றவர் ஒரு வயதான பேக்கரிக்காரரின் மகன்.

இங்கேதான் நம் ஆட்களுக்கே உரிய வேலை ஒன்று நடந்தது. ஜெர்மனியில் காணி வாங்குகிறவர் பின்னோக்கி ஒன்றும் பார்க்கத் தேவையில்லை. பதிவேட்டில் இன்றைக்கு யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர், அரசாங்கமே பொறுப்பு. இராசலிங்கத்துக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. "உறுதி எங்கை? கையில ஒரு உறுதி இல்லாமல் என்னண்டு வீடு வாங்கிறது?" என்று நீதிமன்றப் படியில் நின்று கேட்டார். அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. வசாவிளானில் அவருடைய தகப்பன் கட்டிய வீடு 1990இல் இராணுவ வேலிக்குள் போனது, இன்னும் வெளியே வரவில்லை. உறுதி மட்டும் அவரிடம் இருக்கிறது. மகாதேவி அவரைச் சமாதானப்படுத்த ஒரு வழி கண்டுபிடித்தார். சுன்னாகத்துக் கந்தோரில் எந்தக் காணியானாலும் முப்பது வருடம் பின்னுக்குப் பார்ப்பார்கள். முப்பது வருடம் சுத்தமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். தன்னுடைய சொந்தக் காரியத்தைத் தானே பார்க்கக் கூடாது என்பதால், விற்றவருடைய சம்மதத்தோடு டொறத்தியைக் கொண்டு புத்தகத்தை எடுப்பித்தார். 2003, 1990, 1981, 1973. பேக்கரிக் குடும்பம், பேக்கரிக் குடும்பம், பேக்கரிக் குடும்பம்.

"முப்பது வருசமும் துப்புரவு" என்றார் மகாதேவி.

"அப்ப சரி" என்றார் இராசலிங்கம்.

புத்தகத்தை மூடினார்கள். ஜெர்மன்காரர் எவரும் பார்க்காததைத் தாங்கள் பார்த்துவிட்டோம் என்ற பெருமை வேறு.

நீதிமன்றம் மூடியபின் மகாதேவி டார்ம்ஸ்டாட்டுக்கு மாற்றலாகி, தினமும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய்வந்து, ஓய்வு பெற்றார். பழைய புத்தகங்கள் ஆவணக் காப்பகத்துக்குப் போயின. கட்டடம் பத்து வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது. பிறகு நகரசபை அதைத் திருத்திக் கலாசார மண்டபம் ஆக்கியது. திறப்பு விழாவுக்குக் கண்காட்சியும் ஒரு வரலாற்றுப் புத்தகமும் வேண்டும் என்றார்கள். அப்படித்தான் மகாதேவி மறுபடி அந்தப் புத்தகங்களுக்கு முன்னால் உட்கார்ந்தார், இம்முறை காப்பகத்தில், சங்கத்தின் கடிதத்தோடு.

உதாரணத்துக்கு ஒரு தெருவை எடுத்து, நூறு வருடத்தில் அது கைமாறிய விதத்தை எழுதலாம் என்பது அவருடைய திட்டம். தெரிந்த தெருவாக இருக்கட்டும் என்று மியூல்காஸவை எடுத்தார். முன்னாலிருந்து பின்னுக்குப் போனார். 1973ஐத் தாண்டினார். 1951இல் ஒரு குறிப்பு இருந்தது. மொண்டிவிடேயோவில் வசித்த ஒருவரோடு உடன்பாடு எட்டப்பட்டது என்று. இது என்ன என்று இன்னும் பின்னுக்குப் போனார்.

1939 பெப்ரவரி. ஏழாம் இலக்கம். விற்றவர் யூலியுஸ் லெவென்ஸ்டைன், தோல் வியாபாரி, மனைவி பெர்த்தா. அவர்களுடைய பெயர்களுக்கு நடுவே, அந்த வருடம் தொடங்கி யூதர்கள் எல்லாரும் கட்டாயம் சுமக்க வேண்டியிருந்த பெயர்கள்: அவருக்கு இஸ்ரயேல், மனைவிக்கு சாரா. வாங்கியவர் பக்கத்துத் தெருப் பேக்கரிக்காரர். யூதர் சொத்தைக் கட்டாயமாக விற்பித்த காலத்து மேலிட அனுமதி முத்திரை. எழுதியது அதே கை. ஒரு மை பிசகவில்லை, ஒரு வரி சாயவில்லை.

மகாதேவி புத்தகத்தை மூடவில்லை. மூட முடியவில்லை. அப்பா சம்பளம் கூட்டிக் கொடுத்திருப்பார் என்று வீட்டில் தான் புகழ்ந்த எழுத்து அது. அன்று முழுக்க இருந்து தேடினார். யூலியுஸும் பெர்த்தாவும் 1942இல் ஊரிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்டார்கள், திரும்பி வரவில்லை. ஒரே மகன் தப்பி உருகுவேக்குப் போயிருக்கிறான், 1951 குறிப்பில் இருந்த மொண்டிவிடேயோக்காரர் அவன்தான். அதே தெருவில் இன்னும் நாலைந்து வீடுகளுக்கு அதே இரண்டு வருடத்தில் அதே மாதிரி முத்திரைகள் இருப்பதாகத் தெரிந்தது. அந்த வீடுகளில் இன்றைக்கு இருக்கிறவர்களுடன் அவர் தினமும் கை அசைத்துப் பேசுகிறவர்.

டொறத்தியிடம் சொன்னபோது அவர் முதலில் சட்டத்தைத்தான் சொன்னார். "மற்றவர்களுடைய வீட்டு இலக்கத்தை அவர்கள் சம்மதம் இல்லாமல் போட முடியாது, மகா. இலக்கம் இல்லாமல், பெயர் இல்லாமல், பொதுவாக ஒரு பந்தி எழுதலாம். எல்லா ஊரிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள்."

"என்னுடைய வீட்டு இலக்கத்துக்கு?"

"அது உங்கள் இருவருடைய வீடு. உங்கள் இருவருடைய முடிவு."

வீடு இரண்டு பேருடைய பெயரிலும் இருந்தது. இரண்டாவது பெயர்தான் கஷ்டம். மகாதேவி சாப்பாட்டுக்குப் பிறகு தேத்தண்ணியை முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார். இராசலிங்கத்தின் முகம் கறுத்தது.

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? புத்தகத்தில போட்டால் ஊர் முழுக்கத் தெரியும். நாளைக்கு ஆரும் வந்து வீட்டைத் தா எண்டு கேட்டால்?"

"ஒருத்தரும் கேக்க ஏலாது. அம்பத்தோராம் ஆண்டே சட்டப்படி முடிஞ்சுது. எனக்குத் தெரியாதே?"

"முடிஞ்ச விசயத்தை ஏன் கிண்டுறீர்? நாங்கள் ஆரிட்டையும் இருந்து பறிச்சனாங்களோ? உழைச்சு வாங்கினனாங்கள்."

"ஓம், உழைச்சுத்தான் வாங்கினனாங்கள். நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

"அப்ப என்ன சொல்லுறீர்? வசாவிளானில எங்கட வீட்டுக்குள்ள இருக்கிற ஆமிக்காரனும் நானும் ஒண்டு எண்டு சொல்லுறீரோ?"

மகாதேவி அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் அந்த வசனம் மேசையில் விழுந்துவிட்டது. அதை எடுத்து எங்கே வைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இராசலிங்கம் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போய் ஆப்பிள் மரத்தடியில் நின்றார்.

அவரிடம் கோபப்பட ஏலாது. வசாவிளான் வீடு பதினாறு வயதில் அவர் தகப்பனோடு சேர்ந்து கல் சுமந்தது, பேச்சில் இருபது தடவை கேட்ட கதை. மகாதேவியின் நிலைமைதான் பெரிய இடுக்கு. கணவருடைய கையெழுத்து இல்லாமல் இலக்கத்தைப் போட அவருக்கு மனம் வராது. வீடு இரண்டு பேருடையது என்றால் இரண்டு பேருடையதுதான், அந்த ஒழுங்கு அவருடைய இரத்தத்தில் ஊறியது. இலக்கம் இல்லாமல் எழுதவும் மனம் வராது. பெயரும் இலக்கமும் இல்லாத ஒரு பதிவு பதிவே இல்லை. அச்சகத்துக்குக் கொடுக்க இரண்டு கிழமை இருந்தது. மகாதேவி இரண்டு விதமாகவும் அத்தியாயத்தை எழுதி, இரண்டையும் சமையலறை மேசையில் வைத்தார். ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. நான் அறிந்தவரை, அந்தப் பொறுமைதான் அவர் செய்த காரியங்களிலேயே கெட்டிக்காரத்தனமானது.

யதுசா பிராங்பேர்ட்டிலிருந்து தொலைபேசியில் கேட்டாள். "அப்பா என்னவாம்?"

"ஒண்டும் சொல்லேல்லை. காலமை மேசையில இருந்து வாசிக்கிறார். நான் வந்தால் பேப்பரை எடுத்து மறைக்கிறார்."

"ரெண்டில எதை வாசிக்கிறார்?"

"இலக்கம் போட்டதை."

பதினோராம் நாள் காலை இராசலிங்கம் கீழே இறங்கி வந்து, பொத்தான் போடாத சட்டையோடு சமையலறை வாசலில் நின்றார்.

"இலக்கத்தோட குடும். இப்ப ஆர் இருக்கினம் எண்டு எங்கட பேரையும் போடும்."

"ஏன் எண்டு சொல்லுவீங்களோ?"

"குடும் எண்டால் குடும்."

 மகாதேவி அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றைக்கே அச்சகத்துக்குப் போனது. டொறத்திக்கு அழுகை வந்துவிட்டது, அவர் அதை மூக்குச் சளி, தடிமன் என்று சொன்னார்.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பழைய நீதிமன்ற மண்டபத்தில், முன்பு குற்றவாளி நிற்கிற இடத்தில், பெரிய பலகைகளில் வரலாற்றை ஒட்டியிருந்தார்கள். சந்தைப் பன்றிகளின் கதைக்கு எல்லாரும் சிரித்தார்கள். சிறைக்கூடத்துக்குள் பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள். மகாதேவியின் பலகைக்கு முன்னால் வந்ததும் சிரிப்பு நின்றது. அதில் ஒரே ஒரு வீடுதான் இலக்கத்தோடு இருந்தது. மியூல்காஸ 7. 1939 வரை யூலியுஸ், பெர்த்தா லெவென்ஸ்டைன். இன்று இராசலிங்கம், மகாதேவி. அதே தெருவில் இன்னும் வீடுகள் உண்டு என்று கீழே ஒரு வரி.

மகாதேவி எதிர்பார்க்காத ஒன்று அங்கே நடந்தது. இராசலிங்கம் பிரமுகர்களுடன் போய் முன்வரிசையில் உட்காரவில்லை. கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்றார். பத்து மணிக்கு நின்றவர் அசையவில்லை. வருகிற ஒவ்வொருவருக்கும், "இது நான் இருக்கிற வீடு. இது இவர்களுடைய வீடாக இருந்தது" என்று தன்னுடைய தொழிற்சாலை ஜெர்மனில் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். சிலர் அவசரமாக அடுத்த பலகைக்குப் போனார்கள். ஒருவர், "எண்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு இதெல்லாம் எதற்கு?" என்று முணுமுணுத்தார். அவருக்கும் அதே இரண்டு வசனம்தான் கிடைத்தது.

பதினோராம் இலக்கத்தில் இருக்கும் ஃபிரவ் கெல்லர் ஊன்றுகோலோடு வந்து நெடுநேரம் பலகையை வாசித்தார். பதினோராம் இலக்க வீட்டிலேயே பிறந்தவர். இராசலிங்கத்தின் தோட்டத்து மரவள்ளியைப் பார்த்து இருபது வருடமாக ஆச்சரியப்படுகிறவர்.

"ஹெர் இராசலிங்கம்," என்றார் மெதுவாக, "உங்களை யாரும் கேட்கவில்லை. உங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஏன் உங்கள் பெயரைப் போட்டீர்கள்?"

மகாதேவி இரண்டு அடி தள்ளி, கையில் புத்தகக் கட்டோடு நின்றார். சமையலறையில் தனக்குக் கிடைக்காத பதில் அது. 

இராசலிங்கம் சொற்களைத் தேடினார். ஒவ்வொன்றாக வைத்தார்.

"என்னுடைய நாட்டில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. அதில் ஒரு இராணுவச் சிப்பாய் படுக்கிறான். சின்னப் பையனாக இருப்பான். அவன் பறிக்கவில்லை, அவனுக்கு முன்னால் வந்தவர்கள் பறித்தார்கள். ஆனாலும் ஒருநாள் அவன், இது யாருடைய வீடு என்று யாரையாவது கேட்பான் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் அப்பாவின் பெயரை அவன் ஒருதடவை வாயால் சொன்னால் எனக்குப் போதும். நான் இங்கே இவர்களுடைய பெயரைச் சொல்லாமல் இருந்துகொண்டு, அவனிடம் அதை எப்படிக் கேட்பது?"

மகாதேவிக்குக் கண் நிறைந்து, கையிலிருந்த புத்தகக் கட்டே தெரியாமல் போயிற்று. நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த மனிதரைத் தான் இன்றைக்குத்தான் முழுதாகப் பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது.

ஃபிரவ் கெல்லர் பலகையை இன்னொரு தடவை பார்த்தார். ஊன்றுகோலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு மகாதேவியின் பக்கம் திரும்பினார்.

"என்னுடைய பதினோராம் இலக்கத்தையும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். "யார் பெயர் இருந்தாலும், போடுங்கள்."